'நெகட்டிவ்' என்ற ஒரு சொல்லும், செல்களை ஒட்டவைக்கும் ஒரு புரதத்தின் வரலாறும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தடவையாகப் படியுங்கள். பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆண்கள் அதைவிடக் கட்டாயம் படிக்க வேண்டும். நம் ஊரில் ஆஸ்பத்திரி ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேசுவது பெரும்பாலும் நீங்கள்தானே.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் நம் குப்பத்துப் பெண்ணொருத்தி, என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், தன் அம்மாவின் பயாப்ஸி அறிக்கையை செல்போனில் படம் எடுத்து அனுப்பினாள். யார் என்று கேட்காதீர்கள். "டீச்சர், இ-கேடெரின் நெகட்டிவ்னு போட்டிருக்கு. அப்போ கேன்சர் இல்லைதானே? அடுத்த வாரம் வரச் சொன்னாங்க, நாங்க போகலை" என்றாள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிச் சாமிக்குப் படையல்கூடப் போட்டுவிட்டார்களாம். அந்த அறிக்கையின் மேல்வரியில் நோயின் பெயர் தெளிவாகவே அச்சாகியிருந்தது. நெகட்டிவ் என்ற ஒரு சொல் அந்த வரியை மறைத்துவிட்டது. மறுநாளே கிளம்பச் சொன்னேன், போனார்கள். சிகிச்சை நடக்கிறது.

கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்றால் நல்லது என்று நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. புற்றுநோய் அறிக்கையில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே நெகட்டிவ் என்றால் 'இந்தப் பொருள் இந்த செல்லில் இல்லை', பாசிட்டிவ் என்றால் 'இருக்கிறது'. அவ்வளவுதான். இல்லாதது நல்லதா கெட்டதா என்பது எந்தப் பொருள் என்பதைப் பொறுத்தது. அப்படியானால் இந்த இ-கேடெரின் என்பது என்ன? அது இல்லை என்பதை வைத்து ஒரு நோய்க்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

கடற்பஞ்சில் தொடங்கிய கதை

1907. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துக் கடற்கரையில், போஃபோர்ட் என்ற ஊரில் ஒரு மீன்வள ஆய்வுக்கூடம். ஹெச்.வி. வில்சன் என்ற விலங்கியல் பேராசிரியர் அங்கே ஒரு விளையாட்டுப் போன்ற சோதனை செய்தார். உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை எடுத்து, நெருக்கமாக நெய்த பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்தார். தேங்காய்ப் பால் பிழிகிற மாதிரிதான். கடற்பஞ்சு தனித்தனி செல்களாகச் சிதறிக் கடல்நீரில் விழுந்தது. செத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த செல்கள் ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டன. சிறு சிறு உருண்டைகளாயின. கடைசியில் மறுபடியும் கடற்பஞ்சாக வளர்ந்தன.

ஒரு செல் இன்னொரு செல்லை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது என்பது அப்போது கண்முன் தெரிந்தது. எதைக் கொண்டு பிடிக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. 1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் என்ற இருவர் தவளை இனத்துக் கருக்களின் செல்களைப் பிரித்துக் கலந்துவிட்டுப் பார்த்தார்கள். தோலுக்குரியவை ஒரு பக்கமும் உள்ளுறுப்புக்குரியவை ஒரு பக்கமுமாகத் தாமே வகை பிரிந்தன. சந்தையில் கொட்டிய மீன் தானாகவே இறால் தனி, மடவை தனி, நண்டு தனி என்று ஒதுங்கினால் எப்படி இருக்கும்? அப்படி.

இதற்கிடையே 1944இல் டேல் கோமன் என்ற அமெரிக்க மருத்துவர் புற்றுநோய்ப் பக்கமிருந்து வந்தார். ஒட்டியிருக்கும் இரண்டு செல்களை நுண்ணிய ஊசிகளால் இரு பக்கமும் இழுத்தார். அவை பிரியும்போது ஊசி எவ்வளவு வளைகிறது என்று அளந்தார். சாதாரண செல்களைப் பிரிக்க அதிக பலம் தேவைப்பட்டது, புற்றுநோய் செல்கள் எளிதில் பிரிந்தன. புற்று ஏன் இடம்விட்டு இடம் பரவுகிறது என்பதற்கு இது ஒரு தடயம். வலை பின்னுகிற கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூல் நன்றாக இருந்தாலும் முடிச்சு இளகினால் வலை வலையாக இருக்காது.

ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புச் சத்து

அந்த முடிச்சைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியர். பெயர் மசதோஷி தகெய்ச்சி, கியோத்தோ பல்கலைக்கழகம். 1970களின் நடுவில் அமெரிக்காவில் கார்னகி ஆய்வு நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை செய்தார். கியோத்தோவில் செய்த அதே சோதனையை அங்கே செய்தார். டிரிப்சின் என்ற செரிமான நொதியால் செல்களைப் பிரிப்பது, பிறகு அவை ஒட்டுகின்றனவா என்று பார்ப்பது. ஜப்பானில் ஒட்டிய செல்கள் அமெரிக்காவில் ஒட்ட மறுத்தன.

வேறு யாராவது இருந்தால் சலித்துப்போய் விட்டிருப்பார்கள். அவர் இரண்டு ஊரின் கரைசல்களையும் ஒப்பிட்டார். அமெரிக்கக் கூடத்தின் டிரிப்சினில் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் கலந்திருந்தது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். கியோத்தோவின் கரைசலில் அது இல்லை. ஆக, கால்சியம் இருந்தால் ஒட்டும் புரதம் டிரிப்சினிடமிருந்து தப்பிக்கிறது. கால்சியம் இல்லையென்றால் அது சிதைந்துபோகிறது. 1977இல் இதை வெளியிட்டார். 1984இல் அந்தப் புரதத்துக்கு கேடெரின் என்று பெயர் வந்தது. கால்சியத்தைக் கொண்டு ஒட்டுவது என்ற பொருளில் வைத்த பெயர். உடலின் உட்பரப்பு, வெளிப்பரப்பு, சுரப்பிகள் ஆகியவற்றை மூடியிருக்கும் எபிதீலியம் என்ற அடுக்கில் இருப்பது இ-கேடெரின். மார்பகத்தின் பால் குழாய்களையும் பால் சுரக்கும் நுண்ணறைகளையும் சுற்றியிருப்பது அந்த அடுக்குதான்.

என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிர்பார்த்த விடை வராதபோது கரைசலைச் சரிபார்க்கச் சொல்லி ஆய்வக வகுப்பில் உங்களை எத்தனை தடவை விரட்டியிருப்பேன். இப்போதாவது காரணம் புரிகிறதா?

'அரிய வகை' என்று பெயர் வாங்கிய நோய்

இப்போது கதை மருத்துவமனைக்கு வருகிறது. 1941. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்ட வருஷம். அதே வருஷத்தில் நியூயார்க்கில் ஃபூட், ஸ்டூவர்ட் என்ற இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் மார்பகப் புற்றில் ஒரு தனி வகையை விவரித்தார்கள். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அதை அரிய வகை என்று குறிப்பிட்டார்கள். பால் நுண்ணறைத் தொகுதிக்கு லோபுல் என்று பெயர், அதனால் லோபுலர் புற்று. பெரும்பாலான மார்பகப் புற்று டக்டல் வகை எனப்படும்.

இந்த லோபுலர் வகையின் செல்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டியாவதில்லை. ஒற்றை வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக, எறும்பு சாரை போகிற மாதிரி திசுக்களுக்கு நடுவே நுழைந்து போகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை தெரிந்தது. ஏன் அப்படி என்பது ஐம்பது வருஷம் தெரியவில்லை.

விடை 1990களில் வந்தது. 1993இல் ஜெர்மனியில் ஒரு குழு இரண்டு வகைப் புற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தது. டக்டல் வகையில் இ-கேடெரின் பெரும்பாலும் இருந்தது, லோபுலர் வகையில் காணாமல்போயிருந்தது. 1995இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் மரபணுவையே படித்தார்கள். 16ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவுக்கு சி.டி.ஹெச்.1 என்று பெயர். ஏழு லோபுலர் புற்றுகளில் நான்கில் அந்த மரபணு பழுதாகிப் புரதம் பாதியில் அறுந்திருந்தது. மற்ற வகைப் புற்றுகள் 42ஐப் பார்த்ததில் ஒன்றில்கூட இல்லை. முடிச்சே போடத் தெரியாத செல்கள் எப்படிக் கூட்டமாக நிற்கும்? அதனால்தான் ஒற்றை வரிசை.

இன்று உலக அளவில் மார்பகப் புற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இந்த வகை. நம் நாட்டு மருத்துவமனைகளின் கணக்குகளில் அதைவிடக் குறைவாகவே வருகிறது.

பழுப்பு நிறக் கோடு

அறிக்கையில் ஐ.எச்.சி. என்று போட்டிருப்பார்கள். அது என்ன சோதனை? மார்பகத்திலிருந்து ஊசியால் எடுத்த சிறு துண்டை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு தடிமனில் சீவுகிறார்கள். அதன் மேல் இ-கேடெரினை மட்டும் தேடிப்பிடிக்கும் எதிர்ப்பொருளை ஊற்றுகிறார்கள். புரதம் இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பு நிறக் கோடு விழும், வீட்டைச் சுற்றி வேலி போட்ட மாதிரி. இல்லாவிட்டால் வேலி இல்லாமல் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைக்குத்தான் நெகட்டிவ் என்று பெயர்.

இதிலும் பல பேருடைய உழைப்பு இருக்கிறது. ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975இல் கோலர், மில்ஸ்டீன் இருவரும் கண்டார்கள். 1984இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் ஃபார்மலின் பட்ட திசுவில் பல புரதங்கள் மூடிக்கொண்டுவிடும், எதிர்ப்பொருளால் அவற்றைத் தொட முடியாது. 1991இல் ஷி என்பவரும் உடனிருந்தவர்களும் அந்தத் திசுச்சீவலைத் திரவத்தில் வைத்து மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினார்கள். மூடியவை திறந்துகொண்டன. பல வருஷமாக அலமாரியில் கிடந்த மெழுகுக் கட்டிகளும் பேசத் தொடங்கின. சமையலறைச் சாமான் ஒன்று மருத்துவத்துக்குச் செய்த உபகாரம்.

ஒரு எச்சரிக்கை. இ-கேடெரின் மட்டுமே தீர்ப்புச் சொல்வதில்லை. லோபுலர் புற்றுகளில் சிலவற்றில் புரதம் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. அதனால் சந்தேகம் வந்தால் அதன் கூட்டாளிகளான பீட்டா-கேட்டனின், பி120-கேட்டனின் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பி120 சாதாரணமாக வேலியோரம் நிற்கும். முடிச்சு அறுந்தால் செல்லின் உள்ளே சிதறிக் கிடக்கும். இவற்றோடு நுண்ணோக்கியில் செல்லின் உருவத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் பெயர் வைக்கிறார்.

இன்னும் அரிதான மார்பகக் கட்டிகளிலும் இந்த ஒட்டும் புரதங்கள் துணைக்கு வருகின்றன. ரத்தக்குழாய் செல்களிலிருந்து எழும் ஆஞ்சியோசார்க்கோமா, மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாதது. அதை அடையாளம் காண உதவும் சிடி31 என்பது ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை ஒட்டவைக்கும் புரதம். நரம்புநாளச் சுரப்பி வகைக் கட்டிகளில் பார்க்கப்படும் சிடி56 என்பது நரம்பு செல்களின் ஒட்டும் புரதம். ஆனால் அதைத் தனியாக நம்பமாட்டார்கள், மற்ற சாட்சிகளும் வேண்டும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நான்கு பதில்கள்.

ஒன்று, பரவாத நிலையில் இருக்கும்போது டக்டல் வகையைப் பெரும்பாலும் அறுவை செய்து எடுப்பார்கள். வழக்கமான லோபுலர் வகையை, பிற்காலத்தில் புற்று வரக்கூடும் என்ற எச்சரிக்கையாகக் கொண்டு கண்காணிப்பதே பெரும்பாலும் போதும். பெயர் மாறினால் சிகிச்சையே மாறும்.

இரண்டு, லோபுலர் கட்டியாகத் திரளாததால் மேமோகிராமில் தப்பிவிடக்கூடும். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

மூன்று, இது பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவ். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஹார்மோன் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

நான்கு, இது பல வருஷம் கழித்து வயிறு, குடலைச் சுற்றிய சவ்வு, சினைப்பை என்று எதிர்பாராத இடங்களில் தலைகாட்டலாம். அப்போது வயிற்றில் தனியாக வந்த புற்று என்று எண்ணிவிட வாய்ப்பு இருக்கிறது. வயிற்றில் பரவலாக வரும் ஒரு வகைப் புற்றிலும் இ-கேடெரின் இல்லாமல் போகும், நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே சாயல். பழைய அறிக்கையும் பழைய மெழுகுக் கட்டியும் கிடைத்தால் மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்வார். ஆகவே பத்து வருஷம் ஆனாலும் அந்த ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு குடும்பத்தின் நினைவு

நியூசிலாந்தில் மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாக, இளம் வயதிலேயே வயிற்றுப் புற்றில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஏதோ சாபம் என்று சொன்னவர்களும் உண்டு. 1990களில் அந்தக் குடும்பத்தினரே தங்கள் வம்சாவளியைத் திரட்டிக்கொண்டு விஞ்ஞானிகளிடம் வந்தார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து தேடினார்கள். 1998இல் விடை கிடைத்தது. அதே சி.டி.ஹெச்.1 மரபணுவில் பிறவிப் பழுது. இந்தப் பழுதோடு பிறக்கும் பெண்களுக்கு லோபுலர் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. முன்கூட்டியே சோதித்து உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது. இது அபூர்வமான பழுது. லோபுலர் வந்த எல்லோருக்கும் பரம்பரைக் காரணம் இல்லை. பயப்பட வேண்டாம்.

இதிலிருந்து நமக்கு ஒன்று இருக்கிறது. கோட்டைக்குப்பத்தில் எந்தப் பாடு யாருக்கு, எந்த நாள் யார் முறை என்பதைத் தலைமுறைகளாக மனதில் வைத்திருக்கிறோம். ஏரியில் சண்டை வராமல் காத்தது அந்த நினைவு. ஆனால் உங்கள் அம்மாச்சி எதனால் இறந்தார் என்று கேட்டால் 'ஏதோ வயித்து வலி', 'உடம்பு இளைச்சு இளைச்சு' என்பதற்கு மேல் பதில் இருக்காது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போனால் 1600களில் இறந்தவர்களின் பெயரும் தேதியும் கல்லில் இருக்கிறது. நம் பாட்டிமார்களின் நோய் எந்தக் கல்லிலும் இல்லை, காகிதத்திலும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு எழுத ஆரம்பித்ததற்குப் பின்னாலும் ஒரு குடும்பத் துயரம் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் எழுந்த முயற்சிதான் 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையம். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துக்கான புற்றுநோய்ப் பதிவேடு அங்கே தொடங்கியது. பெண்களிடையே அப்போது முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. பிறகு மார்பகப் புற்று அதை முந்தியதை நமக்குக் காட்டியது அந்தப் பதிவேடுதான். 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டு வேலையும் நடக்கிறது. அப்படியென்றால் நம் ஏரிக்கரை கிராமங்களும் அதில் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கே போகாதவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இனி செய்ய வேண்டியது

தங்கச்சிகளே, அண்ணிகளே, சித்தி பெரியம்மாக்களே, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

கட்டி தட்டுப்பட்டால்தான் நோய் என்று நினைக்காதீர்கள். மார்பில் ஓரிடம் தடித்திருப்பது, தோல் உள்ளிழுப்பது, காம்பு உள்வாங்குவது, ஒரு பக்கம் வடிவம் மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். கூடை தூக்கியதால் சதை பிடித்திருக்கும் என்று நீங்களே மருத்துவம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பயாப்ஸி அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொற்களை வைத்து முடிவு கட்டாதீர்கள். 'முடிவு' என்று எழுதிய வரி எது, நோயின் பெயர் என்ன, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ன என்று டாக்டரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அறிக்கை, ஸ்லைடு, மெழுகுக் கட்டி பற்றிய ரசீது, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். வெள்ளம் வந்தால் ரேஷன் கார்டை எடுக்கிற கை அதையும் எடுக்கும்.

பணம் இல்லை என்று நிற்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை, அடையாறு நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றன. முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டி, எங்கே போவது என்று கேட்டாலும் சரி.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மா வழி, அப்பா வழி, மூன்று தலைமுறை. யார், எந்த வயதில், எந்த நோயில். தெரிந்தவரை போதும். மதிப்பெண் கிடையாது. ஆனால் உங்கள் பேத்தி ஒருநாள் அந்த நோட்டை ஒரு டாக்டரிடம் நீட்டுவாள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் அறிவியல் டீச்சர்